மூன்றாம் காண்டம்

ஏமாற்றம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். எதிர்பார்த்த ஒன்று கைகூடாதபோது நெஞ்சம் அடையும் வாட்டத்தையும் அச்சொல் குறிக்கும். ஒருவர் மற்றொருவரை வஞ்சித்த செயலையும் அதே சொல் குறிக்கும். மழை வரும் என்று நம்பி விதைத்து, வானம் பொய்த்துப்போன உழவனும் ஏமாந்தவன். கள்ள நாணயத்தை நல்ல நாணயம் என்று நம்பி வாங்கியவனும் ஏமாந்தவன். முன்னவனை ஏமாற்றியவர் எவரும் இலர். பின்னவனை ஏமாற்றியவன் ஒருவன் உளன். இரு நிலைகளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டமையால், நம்மிடம் ஒரு பழக்கமும் படிந்துவிட்டது. நெஞ்சில் வாட்டம் தோன்றியவுடனே அதற்கு உரிய குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுகின்றோம்.

இப்பழக்கத்தை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் ஒன்று உண்டு. தொடராக வரும் படைப்புகளின் மூன்றாம் பகுதியே அது. முதற்பகுதியைக் கண்டு வியந்தவர்களும் இரண்டாம் பகுதியைக் கண்டு மகிழ்ந்தவர்களும் மூன்றாம் பகுதி வந்ததும் முகம் சுளிக்கின்றார்கள். 'நம்மை ஏமாற்றிவிட்டார்கள்' என்கின்றார்கள். உண்மையிலே ஏமாற்றப்பட்டார்களா, அல்லது ஏமாந்தார்களா? படைத்தவன் சுவைஞனுக்குக் கடன்பட்டவனா? கடன்பட்டவன் என்றால், அக்கடனின் அளவு என்ன? சிறுபிள்ளை விளையாட்டுப்போல் தோன்றும் இக்கேள்வி, எண்ணிப் பார்த்தால் நம் வீட்டுக் கூடம்வரை வந்து நிற்கின்றது. ஆகவே விளையாட்டிலிருந்தே தொடங்குவோம்.

தாவும் வீரர்கள்

நம் பிள்ளைகள் தொலைக்காட்சித் திரையிலும் கணினியிலும் ஆடும் வீடியோ கேம்களில் பிளாட்பார்மர் என்று ஒரு வகை உண்டு. சிறு வீரன் ஒருவன் திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் நோக்கி ஓடுவான். மேடைக்கு மேடை தாவுவான், பள்ளத்தைக் கடப்பான், எதிர்ப்படும் பகைவரை மிதித்தும் விலக்கியும் முன்னேறுவான். தாவும் தருணத்தைச் சரியாகக் கணிப்பதே இதன் உயிர். 1990-களில் கன்னாட் பிளேஸின் நிலத்தடியில் அமைந்த பாலிகா பஜார் கடைகளில் இவ்விளையாட்டுகளின் கேட்ரிட்ஜ்களைப் பேரம் பேசி வாங்கிய தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்களே இன்று பெற்றோராகி, தம் பிள்ளைகளோடு அமர்ந்து அதே வீரனின் புதிய உலாவைக் காண்கின்றார்கள்.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவன் மாரியோ. ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' உலகெங்கும் பரவிற்று. மறு ஆண்டே ஜப்பானில் இரண்டாம் பகுதி வந்தது. அது முதற்பகுதியின் சாயலையே கொண்டு, கடுமையை மட்டும் மிகுத்துக்கொண்டது. அமெரிக்க மக்களுக்கு அது ஏற்காது என்று கருதிய நிறுவனம், வேறொரு விளையாட்டை எடுத்து அதில் மாரியோவைப் புகுத்தி, 1988-இல் அங்கு இரண்டாம் பகுதி என்று வெளியிட்டது. அதே ஆண்டில் ஜப்பானில் மூன்றாம் பகுதி பிறந்தது. அதில் உலகப்படம் ஒன்று விரிந்தது. வீரனுக்கு வால் முளைத்தது. தரையில் ஓடியவன் வானில் பறந்தான். அமெரிக்காவிற்கு 1990-இல் சென்ற அம்மூன்றாம் பகுதியை இன்றளவும் இவ்வகை விளையாட்டின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றார்கள். ஆகவே மூன்றாவது என்பதே கெட்ட எண் என்று கூற வழியில்லை.

ஆயினும் அடுத்த சான்றைப் பார்ப்போம். இங்கிலாந்து நாட்டு ரேர் நிறுவனம் 'டாங்கி காங் கன்ட்ரி' என்னும் குரங்கின் கதையை 1994, 1995, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாகத் தந்தது. முதலாவதில் டாங்கி காங் தானே வீரன். இரண்டாவதில் அவன் சிறைப்பட்டுக் கிடக்க, அவனுடைய தோழன் டிட்டி அவனை மீட்கப் புறப்படுகின்றான். மூன்றாவதில் இருவருமே காணாமற்போக, டிக்ஸி என்னும் பெண்குரங்கு ஒரு குழந்தைக் குரங்கைத் துணைக்கொண்டு தேடுகின்றாள். விளையாட்டின் பெயரில் இருக்கும் வீரன், ஆடுவோன் கையில் இல்லை. இசையமைப்பிலும் பெரும்பங்கு வேறொருவர் கைக்கு மாறியது. அது வெளிவந்தபோது முப்பரிமாணத்தில் இயங்கும் புதிய கருவியும் கடைக்கு வந்துவிட்டது. மக்களின் கண்கள் அப்பக்கம் திரும்பிவிட்டன. தொழில்திறத்தில் அம்மூன்றாம் பகுதி தாழ்ந்தது அன்று. எனினும் முன்னிரண்டையும் நெஞ்சில் வைத்துப் போற்றியவர்கள் பலர் அதற்கு மூன்றாம் இடமே கொடுத்தனர்.

இன்னொரு சான்று அண்மைக் காலத்தது. ஃபின்லாந்து நாட்டு ஃப்ரோசன்பைட் நிறுவனத்தின் 'டிரைன்' தொடர் 2009-இலும் 2011-இலும் இரு பகுதிகளாக வந்தது. பக்கவாட்டில் நகரும் அழகிய ஓவியம்போன்ற உலகம் அது. 2015-இல் வந்த மூன்றாம் பகுதியில் அவ்வுலகை முப்பரிமாணமாக்கினார்கள். அம்முயற்சி பெருஞ்செலவில் கொண்டுவிட்டது. இரண்டாம் பகுதிக்கு ஆனதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பொருள் கரைந்தது என்று அந்நிறுவனத்தாரே பின்னர் விளக்கம் கூறினர். விளையாட்டு குறுகிற்று, கதை முடிவுறாமல் நடுவழியில் நின்றது. அன்பர்கள் சினந்தனர். 2019-இல் நான்காம் பகுதி வந்தபோது, அது பழைய பக்கவாட்டு நடைக்கே திரும்பியிருந்தது.

இரு புள்ளியும் ஒரு கோடும்

ஒரே எண்; ஒன்றில் போற்றுதல், மற்றவற்றில் தூற்றுதல். இதன் காரணம் யாது?

முதற் படைப்பு நம்மிடம் வரும்போது நாம் அதனை எதிர்பார்ப்பதில்லை. அது விருந்தினன்போல் வருகின்றது. நல்லது எது இருந்தாலும் அதனைப் பேறாகவே கொள்கின்றோம். இரண்டாவது படைப்பு வரும்போது ஓர் அளவுகோல் நம் கையில் இருக்கின்றது. ஆனால் அப்போது முதற்படைப்பின் குறைகளும் நமக்குத் தெரிந்திருக்கும். படைத்தவனுக்கும் அவை தெரிந்திருக்கும். எனவே இரண்டாவதற்கு ஒரு தெளிவான பணி இருக்கின்றது. விட்டதைப் பிடித்தல், குறைந்ததை நிறைத்தல். அப்பணியைச் செவ்வனே செய்தாலே நாம் மகிழ்ந்துவிடுகின்றோம்.

மூன்றாவதன் நிலை வேறு. திருத்தவேண்டிய குறைகள் இரண்டாவதிலேயே திருந்திவிட்டன. சொல்லவேண்டும் என்று படைத்தவன் பல ஆண்டுகள் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தவையும் செலவாகிவிட்டன. அவன் கையில் எஞ்சியிருப்பன இரண்டே வழிகள். அதே பாதையில் இன்னும் பெரிதாகச் செய்யலாம். அல்லது பாதையை மாற்றலாம். பெரிதாகச் செய்தால் 'அரைத்த மாவையே அரைக்கின்றான்' என்போம். பாதையை மாற்றினால் 'நாம் விரும்பியது இதுவன்று' என்போம்.

இரு புள்ளிகளை வைத்தால் அவற்றினூடே ஒரு நேர்க்கோடு அமைந்துவிடும் என்பது பள்ளியில் நாம் கற்ற கணக்கு. முதற் படைப்பு ஒரு புள்ளி. இரண்டாவது இன்னொரு புள்ளி. அவ்விரண்டையும் இணைத்து நாமே ஒரு கோட்டை நீட்டிக்கொள்கின்றோம். அக்கோட்டின் மேல் மூன்றாவது எங்கே நிற்கவேண்டும் என்று முன்னதாகவே குறித்தும் வைத்துவிடுகின்றோம். காத்திருக்கும் ஆண்டுகளில் அக்குறிக்கு நிறமும் ஒளியும் ஏறுகின்றன. உண்மையாகக் கூறுமிடத்து, மூன்றாம் பகுதி வெளிவருவதற்கு முன்பே நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சில் ஒரு மூன்றாம் பகுதியை இயற்றி முடித்துவிடுகின்றோம். அதில் செலவு இல்லை; காலக்கெடு இல்லை; பிழையும் இல்லை. பின்னர் வெளியிலிருந்து வரும் படைப்பை நம்முடைய அந்த எழுதாப் படைப்போடு ஒப்பிடுகின்றோம். கையால் செய்த எந்தப் பொருள் கனவில் செய்த பொருளை வெல்லக்கூடும்?

கோட்டைவிட்டு விலகி வென்றவர்களும் உண்டு. கல்கி அவர்களின் பெருஞ்சரித்திர நாவல்களை வரிசையாக எண்ணுவோம். முதலில் 'பார்த்திபன் கனவு'. அடுத்தது 'சிவகாமியின் சபதம்'. இரண்டும் பல்லவர் காலத்துக் கதைகள். மாமல்லன் நரசிம்மவர்மன் இரண்டிலும் உலவுகின்றான். மூன்றாவதும் காஞ்சியிலேயே நடக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு வியப்பே காத்திருந்தது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' சோழநாட்டிற்குப் போய்விட்டது. காலமும் வேறு, மாந்தரும் வேறு. ஆசிரியர் மாமல்லனை மேலும் இழுத்துச் செல்லவில்லை. அம்மூன்றாவதே இன்று அவர் பெயரோடு முதலில் நினைவிற்கு வருவது. அது அவர் இட்ட கோட்டின் தொடர்ச்சி அன்று. அவர் கைத்திறத்தின் தொடர்ச்சி. தொடர்ச்சி என்பதில் இவ்விரு வகை உண்டென்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

வஞ்சிக் காண்டம்

மூன்றாம் பகுதியின்மேல் ஐயம் கொள்வது இக்காலத்து விளையாட்டுப் பிள்ளைகளின் வழக்கம் மட்டும் அன்று. நம் செந்தமிழ்ப் பெருங்காப்பியமாகிய சிலப்பதிகாரத்திற்கே அந்நிலை ஏற்பட்டது.

சிலம்பு மூன்று காண்டங்களை உடையது. புகார்க் காண்டத்தில் பத்து, மதுரைக் காண்டத்தில் பதின்மூன்று, வஞ்சிக் காண்டத்தில் ஏழு என முப்பது பகுதிகள். முதற் காண்டம் காதலும் கலையும் கடலாடலும் நிரம்பியது. இரண்டாம் காண்டம் கொலையும் வழக்கும் தீயும் கொண்டு நம்மை உலுக்கிவிடுகின்றது. சிலம்பு உடைந்த அவையையும் எரியுண்ட மதுரையையும் கண்டபின் கற்போர் பலர் நூலை மூடிவிடுகின்றார்கள். பட்டிமண்டபங்களில் வழக்காடுவோரும் பெரும்பாலும் மதுரையோடு நிறுத்திக்கொள்கின்றார்கள். மூன்றாம் காண்டத்தில் கோவலன் இல்லை; வஞ்சினம் கூறிய கண்ணகியும் மண்மீது இல்லை. சேரன் செங்குட்டுவன் என்னும் புதிய தலைவன் முன்னே வருகின்றான். மாந்தர் கதை போய்ப் படையெடுப்புக் கதை வருகின்றது. இப்பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதோ என்று ஐயுற்ற ஆராய்ச்சியாளரும் உண்டு. குரங்குக் கதையின் மூன்றாம் பகுதியைப் பார்த்து 'நம் வீரன் எங்கே?' என்று சிறுவன் கேட்ட கேள்விக்கும், வஞ்சிக் காண்டத்தைப் பார்த்து 'நம் கண்ணகி எங்கே?' என்று கற்றோர் கேட்ட கேள்விக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை.

தலைநகரில் வாழும் நமக்கோ அக்காண்டத்தின்மேல் தனி உரிமை உண்டு. தமிழ்க் காப்பியத்தின் அடிச்சுவடு வடக்கே வருவது அங்கேதான். செங்குட்டுவன் கங்கையைக் கடக்கின்றான். இமயத்துக் கல்லை எடுத்துக் கங்கையில் நீராட்டுகின்றான். தமிழரசரை இகழ்ந்த கனக விசயரின் முடிமீது அக்கல்லை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றான். வஞ்சி நகரை விட்டுப் புறப்பட்டு முப்பத்திரண்டு திங்கள் ஆயின என்று காப்பியம் கணக்குச் சொல்கின்றது. ஊரைவிட்டு வடநாட்டில் நாள் எண்ணிக்கொண்டிருப்பது எத்தகையது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யாவர்?

ஆயினும் அப்படையெடுப்பைவிடப் பெரிய ஒன்று அக்காண்டத்தில் நிகழ்கின்றது. வெற்றியோடு மீண்ட வேந்தனை மாடலன் என்னும் அந்தணன் இடித்துரைக்கின்றான். போரிலேயே வாழ்நாளைக் கழித்தாய், அறத்திற்கு என்ன செய்தாய் என்பது அவன் உரையின் சாரம். சிறைப்பட்ட வடநாட்டு மன்னர்கள் விடுதலை பெறுகின்றார்கள். இறுதியில் தெய்வ வடிவாய்த் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்கின்றாள்; தான் அவனுடைய மகள் என்றே கூறிக்கொள்கின்றாள். எவனுடைய அவையில் சிலம்பை உடைத்தாளோ, எவனுடைய நகரைத் தீக்கு இரையாக்கினாளோ, அவனையே தந்தையாகக் கொள்கின்றாள்.

இதனை இரண்டாம் காண்டத்தில் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. தீ எரியும்போது மன்னிப்பு பிறவாது. மதுரையோடு நூல் முடிந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது சினம் ஒன்றே. மூன்றாம் காண்டம் மதுரையைப்போல் இன்னொரு நகரை எரித்திருந்தால், அன்பர்கள் ஒருவேளை ஆரவாரித்திருப்பர், காப்பியம் சிறுத்திருக்கும். நாம் நீட்டிய கோட்டின் மேல் நில்லாமையால்தான் அது தன் பணியைச் செய்ய முடிந்தது. நமக்கு ஏமாற்றம் தந்த அதே விலகல்தான் அந்நூலை நிறைவு செய்தது.

ஏமாற்றியவர் யார்?

அப்படியாயின் மூன்றாம் பகுதிகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதா? அன்று. சுவைஞன் பொருள் கொடுத்து வாங்குகின்றான். அதைவிடப் பெரிதாகிய காலத்தையும் அன்பையும் கொடுக்கின்றான். அவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்பது வணிகர்க்கு மட்டுமே உகந்த வாதம். ஆகவே முதலில் கூறிய உழவனையும் கள்ள நாணயம் பெற்றவனையும் மீண்டும் நினைவிற்குக் கொண்டுவந்து, ஏமாறுதலையும் ஏமாற்றப்படுதலையும் பிரித்தறிய முயல்வோம்.

படைத்தவன் தன் வாயால் கூறியது என்ன, நாம் நம் மனத்தால் கூட்டிக்கொண்டது என்ன என்று முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். முழுக்கதை என்று கூறி அரைக்கதையைக் கொடுத்தால் அது வஞ்சனை. முடிவு இல்லாததை முடிந்ததுபோல் விற்பதும் அவ்வாறே. டிரைன் மூன்றாம் பகுதியின்மேல் அன்பர்கள் கூறிய குறைகளுள், நடை மாறிற்று என்பது ஒன்று. கதை நடுவில் நின்றது என்பது மற்றொன்று. முன்னது சுவைபற்றியது, பின்னது முறைபற்றியது. நடையை மாற்றப் படைத்தவனுக்கு உரிமை உண்டு. ஆனால் கதையைத் தொடங்கியவன் அதனை முடிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். செலவு மிகுந்தது உண்மையாயினும், தொடங்கும்போதே அளவறிந்து தொடங்குவது தொழில் அறம். இரு குறைகளையும் ஒரே கூச்சலில் கலந்துவிட்டால், நியாயமான குறையும் வலிவிழக்கின்றது.

பெயரின் கடனையும் எண்ணவேண்டும். பழைய பெயரைச் சூட்டுபவன் பழைய நன்மதிப்பைக் கடனாக வாங்குகின்றான். 'லிட்டில் நைட்மேர்ஸ்' என்னும் தொடரின் முதலிரு பகுதிகளை 2017-இலும் 2021-இலும் ஸ்வீடன் நாட்டு டார்சியர் நிறுவனத்தார் செய்தனர். 2025-இல் வந்த மூன்றாவதைச் செய்தவர்கள் இங்கிலாந்து நாட்டு சூப்பர்மாசிவ் நிறுவனத்தார். பெயர் ஒன்று; கை வேறு. கை மாறுவது பாவம் அன்று. நம் கம்பர் ஆறு காண்டங்களோடு நிறுத்தினார்; ஏழாவதாகிய உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகின்றது. தமிழ் மரபு அதனைத் தள்ளிவிடவும் இல்லை. கம்பர் வாக்கு என்று கலந்துவிடவும் இல்லை. இது இன்னார் செய்தது என்று தனியே குறித்து வைத்தது. அந்த நேர்மை இருக்குமாயின் ஒப்பிடுவோம், உயர்வு தாழ்வு கூறுவோம். ஆனால் ஏமாற்றினார்கள் என்று கூறமாட்டோம்.

சுவைஞனுக்கும் ஒரு கடன் உண்டு. தீர்ப்புக் கூறுமுன் பொறுத்திருப்பதும், வந்திருக்கும் பொருளை அதன் தன்மையில் ஒருமுறையேனும் பார்ப்பதும் அக்கடன். செகா நிறுவனத்தின் 'சோனிக்' என்னும் நீலநிற முள்ளெலி வீரனின் மூன்றாம் பகுதி 1994 பிப்ரவரியில் வெளிவந்தது. ஒரே பெரும் விளையாட்டாகத் திட்டமிட்டதை நேரமின்மையாலும் கேட்ரிட்ஜின் விலையாலும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மறுபாதி வந்தது. அதன் தலைப்பக்கத்தில் ஒரு பொருத்துவாய் இருந்தது. மூன்றாம் பகுதியை அதன்மேல் செருகினால், பிரிந்த இரண்டும் ஒன்றாகி நீண்ட முழு விளையாட்டாக இயங்கிற்று. பிப்ரவரியில் அதனை அளந்து முடித்தவன் பாதியை அளந்தவனே ஆவான். நாம் மூன்றாவது என்று எண்ணித் தீர்ப்பளிக்கும் பொருள்களுள் எத்தனை இன்னும் மறுபாதி வராதவையோ!

தலைநகரில் மூன்றாம் தலைமுறை

இனி வீட்டுக் கூடத்திற்கு வருவோம்.

1911-இல் தில்லி தலைநகராக அறிவிக்கப்பட்டது. அரசு அலுவல்களின் பொருட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்து தங்கின. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. 1973-இல் இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதனுக்குக் குடமுழுக்கு நடந்தது. வந்த தலைமுறை ஊரைச் சுமந்து வந்தது. காவிரியும் பொருநையும் அவர்கள் பேச்சில் ஓடின. அடுத்த தலைமுறை வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் அலுவலகத்தில் ஆங்கிலமுமாக மூன்று படகுகளில் கால்வைத்து நின்றது. பெற்றோர் விட்ட இடங்களை நிறைத்துச் சங்கங்களையும் சபாக்களையும் வளர்த்தது. அது, இரண்டாம் பகுதிக்குரிய பணியைச் செவ்வனே செய்த தலைமுறை.

இப்போது மூன்றாம் தலைமுறை நம் கூடத்தில் அமர்ந்திருக்கின்றது. தாத்தாவுடன் தமிழில் பேசுகின்றது. ஆனால் சங்கத்து மலரைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குகின்றது. பொங்கலுக்கு வருகின்றது; பட்டிமண்டபம் தொடங்குமுன் எழுந்து போய்விடுகின்றது. பெரியவர்கள் பெருமூச்சு விடுகின்றார்கள். 'எல்லாம் செய்தோம், ஏமாற்றிவிட்டார்கள்' என்னும் சொல் சில வீடுகளில் வாய்விட்டும், பல வீடுகளில் வாய்விடாமலும் எழுகின்றது.

நாம் மேலே வகுத்த முறையை இங்கும் வைத்துப் பார்ப்போம். இப்பிள்ளைகள் நமக்கு எதனை வாக்களித்தார்கள்? ஒன்றும் இல்லை. தாத்தா ஒரு புள்ளி, தந்தை ஒரு புள்ளி. கோட்டை நீட்டியவர்கள் நாம். அக்கோட்டின் முனையில் தேவாரம் பாடிக்கொண்டும் குறள் ஒப்பித்துக்கொண்டும் ஒரு பிள்ளையை நாமே எழுதி நிறுத்தினோம். வந்திருக்கும் பிள்ளை அப்பிள்ளை அன்று. ஆகவே இது மழையை நம்பிய உழவனின் வாட்டமே ஒழிய, கள்ள நாணயம் பெற்றவனின் வழக்கு அன்று.

வாட்டம் உண்மை, அதனை நாம் மறுக்கவில்லை. ஒரு மொழியின் எழுத்து ஒரு குடும்பத்தில் நின்றுபோவது சிறிய இழப்பு அன்று. விளையாட்டின் மூன்றாம் பகுதி பிடிக்காவிட்டால் இரண்டாம் பகுதியை மீண்டும் ஆடலாம்; தலைமுறையை அவ்வாறு திருப்பி ஆட இயலாது. எனவேதான் இங்கே குற்றவாளியைத் தேடுவதில் காலத்தைக் கழிக்கக்கூடாது என்கின்றோம். தொடங்கியவன் முடிக்கவேண்டும் என்னும் தொழில் அறம் நமக்கும் உரியது. பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க நாம் ஒதுக்கிய நாழிகை எவ்வளவு, தமிழ் தெரியவில்லை என்று வருந்த ஒதுக்கிய நாழிகை எவ்வளவு என்று கணக்கிடுவதும் அவ்வறத்தைச் சேர்ந்ததே. கொடுக்காததைக் கேட்பவன் கடன் கொடுத்தவன் ஆகமாட்டான்.

அதே வேளையில், வந்திருக்கும் பிள்ளையை அதன் தன்மையில் ஒருமுறை பார்க்கவும் வேண்டும். சிலம்பின் ஒவ்வொரு காண்டமும் ஒவ்வொரு நகரில் நிகழ்கின்றது. புகார் வேறு, மதுரை வேறு, வஞ்சி வேறு. புகாரின் கடற்காற்று வஞ்சியின் மலைச்சாரலில் வீசவில்லை என்று குறை கூறுவார் இலர். நம் பாட்டனின் காண்டம் ஒரு சிற்றூரில் நடந்தது. நம் பிள்ளைகளின் காண்டம் யமுனைக் கரையில் நடக்கின்றது. யமுனையை வாய்க்காலாக்கித் தாத்தாவின் வயலுக்குத் திருப்பிவிட முடியாது. ஆனால் அவ்வாற்றங்கரையிலும் தமிழ் சில புதிய சொற்களைச் சொல்லலாம். நாம் இன்னும் கேளாத செய்தி ஒன்று அக்காண்டத்தில் இருக்கலாம். தான் பாண்டியனின் மகள் என்று கண்ணகி சொன்னபோது அவள் புகாரைத் துறந்துவிடவில்லை. தில்லி எங்கள் ஊர் என்று நம் பேத்தி சொல்லும்போதும் அவள் எதனையும் துறந்துவிடவில்லை என்று நாம் நம்புவோம். அந்நம்பிக்கைக்கு உரமாக நாள்தோறும் சிறிது நேரம் அவளோடு அமர்ந்து அகரம் எழுதுவோம்.

சிலம்பின் மூன்றாம் காண்டத்தைப் படிக்காமல் மூடி வைத்தவர்கள் கண்ணகியின் சினத்தை மட்டும் அறிந்தார்கள். அவள் அருளை அறியவில்லை. நம் வீட்டு மூன்றாம் காண்டமோ இப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றது. அதனை மூடிவிடாமல், பொறுமையுடன் உடனிருந்து படிப்போமாக.